வானுக்கு மேலே ஒன்றரை அடி

வடக்குத் தோளில் ஆறு மூட்டைகளைக் காணவில்லை.

பரமேஸ்வரன் சைக்கிளைக் குளக்கட்டில் நின்ற மருத மரத்தோடு சாய்த்துவிட்டு மறுபடியும் எண்ணினார். எண்ணிக்கையில் அவருக்குப் பிழை வராது. கூழாமோட்டைக் குளத்தின் வானில், அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் சீமெந்துக் கட்டின் மேல், ஐப்பசி தொடக்கத்தில் நூற்றிருபது மண்மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். எல்லாம் நீல உரப்பைகள். ஒன்றரை அடி உயரம். சீமெந்து முடிந்து மண்கட்டுத் தொடங்கும் இரண்டு தோள்களிலும் மூட்டை வரிசை கொஞ்சம் ஏறி நின்றது. வடக்குத் தோளில்தான் இப்போது பல்லுப் போன வாய் மாதிரி ஓர் இடைவெளி. குளத்துத் தண்ணீர் மூட்டைகளின் அடியில் அரை அடிக்கு ஏறி நின்றது. கலங்கல் தண்ணீர்.

மண்மூட்டைக்குக் கால் இல்லை. ஆள் எடுத்திருக்க வேண்டும். ஆள் யார் என்பதும் அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆதாரம் மட்டும்தான் தேவைப்பட்டது.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. நெடுங்கேணிக்கு அப்பால் இருக்கும் அந்த ஊரின் விவசாயிகள் சேர்ந்த கமக்காரர் அமைப்புக்குத் தலைவர். தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர். ஐந்து ஏக்கர் வயல், வாய்க்காலின் கடைசியில். வயலோடு சேர்த்து முப்பது வருடம் மேசன் வேலையும் செய்திருக்கிறார். கடையில் சீமெந்துப் பையைத் தூக்கிப் பார்த்துப் பாரம் சரியென்றால்தான் வாங்குவார். கோயில் திருநீற்றையும் மனுசன் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசும் என்று மனைவி பத்மாசனி சொல்லித் திரிவாள். அதை அவர் குறையாக எடுப்பதில்லை.

மூட்டை அடுக்கும் யோசனை அவருடையது. புரட்டாதியில் ஒரு நாள் இந்தியத் தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு பெண் உலகப்படத்தைக் காட்டிப் பேசினாள். பசிபிக் சமுத்திரம் சூடேறிக் கிடக்கிறது, எல் நினோ, பருவமழை பொய்த்துவிட்டது, அணைகள் அடி தெரிகின்றன. பரமேஸ்வரன் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். போன இரண்டு காலபோக விதைப்பிலும் மாசி மாதத்துத் தண்ணீர் அவருடைய வயலுக்கு வந்து சேரவில்லை. நெல் பால் பிடிக்கிற நேரத்தில் காய்ந்து அரிசியில்லாத சப்பியானது. மூன்றாம் தடவையும் போனால் விதைநெல்லுக்கே ஊரில் கையேந்த வேண்டும். ஆகவே வருகிற கொஞ்ச மழையில் ஒரு சொட்டும் வானால் போகக்கூடாது. மேலிடத்தில் கேட்டால் வேண்டாம் என்பார்கள். கேட்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மூட்டைக்காகக் கூடிய கூட்டத்தில் எதிர்த்துக் கதைத்தவன் ஒருவன்தான். கிருசாந்தன். அமைப்பின் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுத ஊரில் வேறு ஆள் இல்லாததால் அந்தப் பதவி. கம்பசில் புவியியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தான். அவனுடைய ஆட்கள் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து கலவரத்துக்கு ஓடிவந்தவர்கள். வானால் வழியும் தண்ணீர் ஓடுகிற ஓடைக் கரையில் அவர்களுக்கு ஒன்பது வீடு.

"தலைவர், அந்த ரீவி சொன்னது ஆனி, ஆடி மழையை. அது அவையின்ர மழை. எங்கட வயலுக்கு எந்த வருசம் ஆடி மழை பெய்தது?" என்று அவன் கேட்டான். பிறகு கைபேசியில் ஒரு படத்தை எல்லோருக்கும் நீட்டினான். இந்து சமுத்திரம். ஆபிரிக்காப் பக்கம் சிவப்பு, சுமாத்திராப் பக்கம் நீலம்.

"சிவப்பு எண்டா கடல்மேல் தண்ணி வழமையைவிடச் சூடு. நீலம் எண்டா குளிர். கடல் சூடான பக்கம் காத்து ஈரத்தை அள்ளிக்கொண்டு மேல எழும்பும். முகில் கட்டுறது அங்கதான். குளிர்ந்த பக்கம் காத்து கீழ இறங்கும், அங்க முகில் இல்லை. மற்ற வருசங்களில சுமாத்திராப் பக்கம் எழும்பிப் பெய்யிற மழை இந்த வருசம் இஞ்சால தள்ளி வருது. பசிபிக் சூடும் அதோட சேந்திட்டுது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எங்களுக்கு வழமையைவிடக் கூடத்தான் பெய்யும்."

மயில்வாகனம் கைபேசியை வாங்கி மூக்கோடு ஒட்டிப் பார்த்தார். ஊரில் இரண்டு உழவு இயந்திரம் வைத்திருப்பவர். "உதில எங்கட குளம் என்ன கலர் தம்பி?"

மண்டபம் சிரித்தது.

"ஆபிரிக்காவில கடல் கொதிச்சா கூழாமோட்டையில ஏன் நனையுது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அடுப்பு அங்க, சோறு இங்கயோ?"

"தைக்குப் பிறகு?" என்று பரமேஸ்வரன் மட்டும் சிரிக்காமல் கேட்டார்.

கிருசாந்தன் கைபேசியைத் திருப்பி வாங்கினான். "தைக்குப் பிறகு குறையும். அதுவும் இதே சூட்டாலதான்."

"அப்ப நீயே சொல்லுறாய். அதுக்குத்தானே மூட்டை."

"மூட்டை வச்சா மார்கழியைத் தாங்காது. கட்டு பழசு."

"நீ எஞ்சினியரோ?"

அதோடு அது முடிந்தது. மூட்டை ஏறியது. ஆனால் பரமேஸ்வரன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே விசயத்தைப் போட்டு உருட்டினார். வறட்சி என்று ரீவி சொல்கிறது. மழை என்று இவன் சொல்கிறான். யாரை நம்புவது? ரீவிக்குக் கூழாமோட்டையில் பயிர் இல்லை. இவனுக்கு இருக்கிறது.

ஓடைக்கரை வீட்டுக்காரருக்கு யாரும் வயற்காணி கொடுக்கவில்லை. கிருசாந்தனின் தாய் ராக்காயி அலைகரையில் ஒன்றரை ஏக்கர் விதைத்திருந்தாள். அலைகரை என்பது குளத்தின் மேற்பக்க ஓரம். தண்ணீர் வற்றினால் நிலம், ஏறினால் குளம். சட்டப்படி அதில் யாரும் விதைக்கக்கூடாது. விதைக்கிறவர்கள் விதைக்கிறார்கள், பார்க்கிறவர்கள் பார்க்காத மாதிரி இருக்கிறார்கள். குளத்தில் தண்ணீரை உயர்த்தினால் முதலில் தாழ்ந்து மூழ்குவது அந்த நெல்.

ஆகவே ஆறு மூட்டை போன அன்று காலை பரமேஸ்வரன் வீட்டுக்குத் திரும்பி, பழைய மேசன் பெட்டியிலிருந்து லெவல் ரியூப்பை எடுத்தார். அறுபது அடி நீளமான தெளிந்த பிளாஸ்திக் குழாய். உள்ளே தண்ணீர் விட்டு இரண்டு முனையையும் உயர்த்திப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கும். வீட்டுக்கு அத்திவாரம் போடுகிறவர்கள் எல்லோரிடமும் இருக்கும். அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அலைகரைக்குப் போனார்.

ராக்காயி களை பிடுங்கிக்கொண்டு நின்றாள். நெல் ஒரு சாணுக்கு எழும்பி, கடும்பச்சையாக, கண்ணுக்கு எரிச்சல் தரும் அளவுக்கு நன்றாக நின்றது.

"என்னாங்க தலைவரய்யா, இந்தப் பக்கம்?"

"எல்லை பாக்க வந்தனான்."

"எங்க எல்லையா, கொளத்து எல்லையா?"

"உங்களுக்கு ரெண்டும் ஒண்டுதானே."

அவள் கோபிக்கவில்லை, சிரித்தாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. குழாய் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். வேறு யாரும் இல்லை. ஒரு முனையை அவளிடமே நீட்டினார். "இதைப் பிடியும் பாப்பம். மேல வேலிக் கட்டையடிக்குப் போம். ஆட்டக்கூடாது."

தண்ணீர் ஓரத்தில் ஒரு தடியை நட்டார். இப்போது நிற்கிற தண்ணீரிலிருந்து ஓர் அடி மேலே கத்தியால் கோடு போட்டார். மூட்டை விளிம்பு வரைக்கும் குளம் நிரம்பினால் வரப்போகிற மட்டம் அது. தன் பக்க முனையைக் கோட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"உயர்த்தும்! இன்னும்! போதும், கொஞ்சம் கீழ பதியும்... அங்கதான். கட்டையில எவ்வளவு?"

"தரையிலேருந்து ஒரு சாண் மேலங்க."

வயலின் மிக உயர்ந்த மூலையில் ஒரு சாண் தண்ணீர். அப்படியென்றால் கீழ் ஓரத்தில் ஓர் அடி. ஒரு கதிர் மிஞ்சாது. பரமேஸ்வரனுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது, சுவர் நூலுக்குச் சரியாக நிற்கும்போது வருகிற மாதிரி.

ராக்காயி கட்டையையும் வயலையும் பார்த்தாள். "இம்புட்டுத் தண்ணி நிக்குமா, அய்யா?"

"நிண்டா நிக்கும்."

"அப்ப பூரா முழுகிரும்." அவள் குழாயைக் கவனமாகச் சுருட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். "நெல்லு போனா பொறுத்துக்கலாங்க. கட்டு போச்சுன்னா கீழ எங்க வீடு இருக்கே. அதத்தான் எம் மவன் ராத்திரி பகலா பொலம்பிக்கிட்டுக் கெடக்கான். பிளேன்டி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்."

ஆளை வளைப்பதெல்லாம் இப்படி ஒரு கோப்பை வெறுந்தேநீரில்தான் தொடங்கும் என்பது அவருக்குத் தெரியும். பயிர் தாழப்போகிறது என்று கேட்டும் தலையில் கை வைக்காதவளை எப்படி நம்புவது? அவர் போகிற போக்கில் அவளுடைய காவல் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். கூரை வளையில் நீல உரப்பைகள் மடித்துத் தொங்கின. எண்ணினார். ஏழு.

ஆறு எடுத்தவன் வீட்டில் ஏழு பை. ஒன்று அவர்களுடையதாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முப்பது பேர் இருந்தார்கள். பரமேஸ்வரன் கதிரையிலிருந்து எழும்பி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். மூட்டை போனது, ரியூப் காட்டியது, கொட்டிலில் பை கிடந்தது. குரல் உயர்த்தவே இல்லை. வழக்கு அவ்வளவு உறுதியாக இருந்தது.

"ஊரில இருக்கிற உரப்பை எல்லாம் நீலம்தான்," என்றான் கிருசாந்தன். "உங்கட வீட்டில எத்தினை கிடக்கு தலைவர்?"

"கதையை மாத்தாத. மூட்டை இருந்தா உன்ர அம்மாவின்ர நெல் தாழுமோ தாழாதோ?"

"தாழும்."

அவன் அப்படி உடனே ஒத்துக்கொள்வான் என்று யாரும் நினைக்கவில்லை.

"தாழும் எண்டு ஐப்பசியிலேயே எனக்குத் தெரியும். ஆனா நான் மூட்டை எடுக்கேல்லை. நான் பயப்பிடுறது வீட்டுக்கு. கட்டு உடைஞ்சா ஒன்பது வீடு."

"மூட்டை வச்சா வானால தண்ணி வராது. உங்கட வீட்டடிக்கு இன்னும் நல்லதுதானே?" என்றார் மயில்வாகனம். "வீடு வீடெண்டு நெல்லைக் காப்பாத்துறாய். கெட்டிக்காரன்."

"அப்ப நெல் இல்லாட்டி நான் சொல்லுறதை நம்புவியளோ?"

அவன் கூட்டக் குறிப்புக் கொப்பியை மூடி வைத்துவிட்டு வெளியே போனான். சைக்கிள் உருளும் சத்தம் கேட்டது.

"நல்லா நடிக்கிறான்," என்றார் மயில்வாகனம்.

செவ்வாய்க்கிழமை காலை பரமேஸ்வரன் குளக்கட்டில் நின்று பார்த்தபோது அலைகரை வேறு மாதிரித் தெரிந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பச்சை இல்லை. தாயும் மகனும் இரண்டு நாளில் ஒன்றரை ஏக்கரையும் அடியோடு அறுத்திருந்தார்கள். நாற்பது நாள் பயிர். அரிசி ஒரு மணி வராது. யாருடையவோ மாடுகள் வரம்பில் நின்று அதை மென்றன. ராக்காயி தூரத்தில் அரிவாளைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்திருப்பாள். கூப்பிடவில்லை.

பரமேஸ்வரனுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

"என்ன உபாயமாயிருக்கும்?" என்று பத்மாசனியிடம் கேட்டார்.

"என்ன உபாயம்? அந்த மனுசி பயிரை வெட்டிப்போட்டிருக்கு."

"அதுதான். ஏன் வெட்டினவை?"

"இஞ்சரப்பா, நீங்கள் செத்தவீட்டுக்குப் போனாலும் பிணம் மூச்சு விடுதோ எண்டு பாக்கிற ஆள். என்னட்டக் கேக்காதேங்கோ."

அன்று பின்னேரம் தொடங்கிய மழை விடியும்வரை ஓயவில்லை. காலையில் கொஞ்சம் வெளித்தது. அவர் கட்டுக்குப் போனார். தண்ணீர் மூட்டைகளின் பாதிக்கு மேல் ஏறி நின்றது. வடக்குத் தோளில் மறுபடி வைத்த மூட்டைகளில் நாலைக் காணவில்லை.

முதலில் வந்தது கோபம். பயிர் போன ஆத்திரத்தில் பழிக்குச் செய்கிறார்கள். அந்த முடிவோடு திரும்பியவர் நின்றுவிட்டார். கட்டின் மேல் மழை கழுவிய சேறு பூசினது போல வழுவழுப்பாகக் கிடந்தது. அதில் ஒரே ஒரு ஆளின் காலடிதான் இருந்தது. அது அவருடையது.

அரை அந்தர், அதாவது இருபத்தைந்து கிலோ பாரமான ஈரமூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் சேற்றில் அடி பதியாமல் நடக்கமாட்டான். நாலு தடவை நடக்கவே மாட்டான். அந்த ஆழத்துக்குப் பதிந்த அடியை மழையும் நிரப்பாது.

பரமேஸ்வரன் வீட்டுக்குப் போய் அலவாங்கை, இரும்புக் கடப்பாரையை, எடுத்துக்கொண்டு வந்தார். தோளில், மூட்டை இருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஓங்காமல் மெதுவாகக் குத்தினார். ஒரு அடிக்கு மண். அதன் பிறகு அலவாங்கு பிடி வரைக்கும் தானாக இறங்கியது. அவர் கட்டின் மேல் குப்புறப் படுத்தார். கையைத் தண்ணீருக்குள் விட்டு, குளப்பக்கச் சரிவைத் தடவினார். சீமெந்து முடிகிற மூலையில் சரிவே இல்லை. வாய் திறந்த ஒரு பொந்து. கை தோள்மூட்டு வரைக்கும் போனது. விரல் நுனியில் உரப்பையின் வழுக்கல் தட்டியது. கீழே இன்னொன்று.

மூட்டைகளை யாரும் எடுக்கவில்லை. கட்டு விழுங்கியிருக்கிறது. வானுக்கு மேலே ஒன்றரை அடி தண்ணீரைத் தாங்கச் சொன்னபோது, எந்தக் காலத்திலும் தண்ணீர் படாத பழைய மண்தோள் உள்ளே கரைந்திருக்கிறது. அவர் ஒவ்வொரு நாளும் மூட்டையை எண்ணினார். முப்பது வருடம் மேசன் வேலை செய்தவர், நிலத்தைப் பார்க்கவில்லை. களவைத் தேடியதில் கண் வேறெதற்கும் போகவில்லை.

அவர் எழும்பி உட்கார்ந்தார். கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம் வானம் ஈயச்சட்டி மாதிரி இருந்தது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், புயல்மழை வரும் என்று காலை வானொலியும் சொல்லியிருந்தது. கூட்டம் கூட்டினால் என்ன நடக்கும் என்பது தெரியும். இன்னும் இருபது மூட்டை போடுவோம் என்பார்கள். தலைவர் பயந்துவிட்டார் என்பார்கள். பேசி முடிக்க ஞாயிற்றுக்கிழமை ஆகும். அதுவரை தோள் நிற்குமா என்று தனக்குள் கேட்டார். நிற்காது. மேசனுக்கு அது தெரியும்.

மூட்டையை இறக்கினால் மாசித் தண்ணீர் போகும். தன் ஐந்து ஏக்கர். விதைநெல். அவர் வாய்க்கால் போகிற திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வானின் நடுவில், கீழே சீமெந்து உறுதியாக இருக்கிற இடத்தில், முதல் மூட்டையைத் தூக்கி ஓடைப்பக்கம் எறிந்தார்.

பதினைந்தாவது மூட்டையில் கிருசாந்தன் வந்தான். கட்டின் மேல் நின்று பார்த்தான்.

"என்ன பாக்கிறாய்?"

"நீங்கள் எடுத்துப்போட்டு நான் எடுத்தனான் எண்டு சொல்லப்போறியளோ எண்டு பாக்கிறன்."

பரமேஸ்வரனுக்கு அந்தச் சந்தேகத்தில் பிழை தெரியவில்லை. தானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார். "வடக்குத் தோளுக்கை கையை விட்டுப் பார்," என்றார்.

அவன் படுத்துக் கையை விட்டான். எழும்பி ஓடைப்பக்கம் திரும்பிப் பார்த்தான். "அம்மாவும் ஆக்களும் வீட்டில நிக்கினம்," என்றான்.

"மேட்டுப்பக்கம் போகச் சொல்லிப்போட்டு வா. வரேக்கை மண்வெட்டி கொண்டு வா. களிமண் வேணும், கல்லும் வேணும்."

அன்று மத்தியானம் வரை இருவரும் வேலை செய்தார்கள். நடு மூட்டைகள் போனதும் குளம் வான் பாய்ந்தது. சத்தம் பெரிதாக எழுந்தது. தோளை விட்டுத் தண்ணீர் மெல்ல மெல்லக் கீழிறங்க, பொந்தின் வாய் வெளியே தெரிந்தது. பரமேஸ்வரன் கருங்கல்லை இறக்கிக் களிமண்ணால் அடைத்து, காலால் மிதித்து, இன்னும் அடைத்தார். கை பழைய வேலையை மறக்கவில்லை. முடித்தபோது அங்கே ஒரு பொந்து இருந்ததாக யாரும் சொல்லமுடியாது.

"மாசியில உங்கட வயலுக்குத் தண்ணி வராது," என்றான் கிருசாந்தன்.

"தெரியும்."

"பிறகு என்னைச் சொல்லக்கூடாது."

"உன்னைச் சொல்லாமல் ஆரைச் சொல்லுறது? கடலைச் சூடாக்கினதே நீதானே."

அவன் சிரித்தானா என்பதைக் கவனிக்க நேரமிருக்கவில்லை. மயில்வாகனத்தின் மோட்டார்சைக்கிள் குளக்கட்டில் ஏறி வந்தது. அவர் கண்டது இதைத்தான்: மூட்டைகள் ஓடையில் கிடக்கின்றன, தண்ணீர் பாய்கிறது, தலைவரும் செயலாளரும் பக்கத்தில் பக்கத்தில் சேற்றோடு நிற்கிறார்கள்.

"பரமேசு," என்றார் அவர் மெதுவாக. "நீயும் அவங்களோடையோ?"

பரமேஸ்வரன் பொந்தைப் பற்றிச் சொன்னார். மயில்வாகனம் தோளைப் போய்ப் பார்த்தார். செருப்புக் காலால் மிதித்தும் பார்த்தார். கல்லும் களியும் இறுகிக் கிடந்தன.

"நல்ல பலமாத்தானே இருக்கு," என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் மழை. நிறுத்தாமல் பெய்தது. ஓடைக்கரை வீடுகளுக்குள் கணுக்காலளவு தண்ணீர் வந்து, ராக்காயியின் ஆறு கோழிகள் செத்தன. கட்டு நின்றது. வான் இரண்டு கிழமை, பதினாலு நாளும், பாய்ந்தது. ஊர் முழுக்கத் தண்ணீராக இருந்ததால் யாரும் எதையும் கேட்கவில்லை.

பொங்கலுக்குப் பிறகு வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. கிருசாந்தன் ஐப்பசியில் சொன்னபடியே. மாசி நடுவில் துருசு மதகின் கதவைத் திறந்தபோது வாய்க்காலின் முக்கால் தூரத்துக்குத்தான் தண்ணீர் போனது. பரமேஸ்வரனின் ஐந்து ஏக்கரில் மூன்று ஏக்கர் நிறம் மாறியது. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி ஊதினார். எல்லாம் பறந்தது.

அந்தக் கிழமையே கூட்டம் வைத்தார்கள். கடைசி வாய்க்கால்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

"ஒன்றரை அடி தண்ணி," என்றார் மயில்வாகனம். "குளம் முழுக்க ஒன்றரை அடி. அது இப்ப இருந்தா ஒருத்தரின்ர வயலும் காஞ்சிராது. ஆர் துறந்து விட்டது எண்டு எல்லாருக்கும் தெரியும். ஏன் எண்டுதான் தெரியாது."

கிருசாந்தன் எழும்பினான். "வடக்குத் தோள் உள்ளுக்குப் பொள்ளலா இருந்தது. நான் கை விட்டுப் பாத்தனான்."

"ஆர் பாத்தது?"

"நான்."

"வேற ஆர்?"

"தலைவர்."

"பொள்ளலைக் காட்டு, போய்ப் பாப்பம்."

"அடைச்சாச்சு."

மண்டபம் சிரித்தது. ஐப்பசியில் கைபேசிப் படத்துக்குச் சிரித்த சிரிப்பு இல்லை இது. "எடுத்தது ஒருத்தன், பூசி மெழுகினது ஒருத்தன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "தன்ர வயலையும் காய விட்டிருக்கிறார் எண்டா எவ்வளவு பெரிய விசயமா இருக்கும்!"

பரமேஸ்வரன் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். முப்பது முகங்களிலும் அவர் நன்றாக அறிந்த ஒரு பார்வை இருந்தது. அந்தக் கதிரைகளில் ஒன்றில் தான் இருந்திருந்தால் தானும் நம்பியிருக்க மாட்டார். அடைத்த இடத்தைக் காட்டி, கட்டு உடைய இருந்தது என்று எப்படி நிரூபிப்பது? உடைந்திருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

கை உயர்த்தி மயில்வாகனத்தைத் தலைவராக்கினார்கள். ஆட்கள் வெளியே போய் மோட்டார்சைக்கிள்களைக் கிளப்பினார்கள். கிருசாந்தன் மட்டும் மேசையில் கூட்டக் குறிப்புக் கொப்பியோடு இருந்தான். விலகுகிற தலைவர் கையெழுத்து வைக்க வேண்டும்.

"மூட்டையை இறக்கினது தலைவர் எண்டு எழுதியாச்சு. இப்ப காரணம் எழுத வேணும்," என்றான்.

"என்ன எழுதப்போறாய்?"

"அதைத்தான் கேக்கிறன்."

பரமேஸ்வரன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "நடந்ததை எழுதினா நம்புவினமோ?"

"இல்லை."

"எனக்கு ஆரோ ஏதோ தந்தவை எண்டு எழுதினா?"

"உடன நம்புவினம்."

வெளியே கடைசி மோட்டார்சைக்கிளும் போய்விட்டது. பரமேஸ்வரன் யோசித்தார். அவசரப்படவில்லை.

"அப்ப நடந்ததையே எழுது," என்றார். "வாசிக்கிறவன் சந்தேகப்பட்டுக்கொண்டு கிடக்கட்டும்."

கிருசாந்தன் எழுதினான். ஒன்பது வரி வந்தது. பரமேஸ்வரன் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி இரண்டு தடவை வாசித்தார். மூட்டை ஆறு, பிறகு நாலு, எண்ணிக்கை சரியா என்று பார்த்தார். சரியாக இருந்தது. அதன் பிறகுதான் பேனையை வாங்கினார்.